அந்த 20 சதவீதத் தண்ணீர்: கந்தக அமிலம் நீலச் சாயத்தை வீழ்த்திய கதை

1917-ல் காந்தி சம்பாரணுக்குப் போனார், நீலம் பயிரிடச் சொல்லி விவசாயிகளைக் கசக்கிப் பிழிந்த வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளை எதிர்த்துப் போராடினார். இது நாம எல்லாரும் ஸ்கூல்ல படிச்ச பாடம். அந்தப் பாடத்தில் ஒரு வரி வரும்: "ஜெர்மனியில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் இயற்கை நீலத்தின் விலை வீழ்ந்தது." பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். ஆனா அது ஒரு பெரிய கதையைச் சுருட்டி வைத்திருக்கிற வரி. ஜெர்மனிக்காரர்கள் நீலத்தின் மூலக்கூறு அமைப்பை 1883-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கடைக்கு விற்பனைக்கு வந்தது 1897-ல். நடுவில் 14 வருஷம் என்ன செய்தார்கள்?

பதிலில் பெரும் பகுதி ஒரு எண்ணுக்குள் இருக்கிறது. 78 சதவீதக் கந்தக அமிலத்துக்கும் 98 சதவீதக் கந்தக அமிலத்துக்கும் உள்ள வித்தியாசம். வெறும் 20 சதவீதத் தண்ணீர். இன்றைய எபிசோட் அந்தத் தண்ணீரைப் பற்றித்தான்.

தாகம் பிடிச்ச திரவம்

முதலில் கொஞ்சம் வேதியியல். வண்டி பேட்டரியில் இருக்கிற ஆசிட் சுமார் 35 சதவீதம்தான், மிச்சம் தண்ணீர். அதுவும் ஆபத்தானதுதான், சட்டையில் பட்டால் ஓட்டை விழும். ஆனால் அது "அமிலம்" என்ற வகையில்தான் நடந்துகொள்கிறது. இரும்பைப் போட்டால் அரிக்கும், ஹைட்ரஜன் வாயு வரும்.

98 சதவீதத்துக்குப் போனால் அது வேறு ஆள். எண்ணெய் மாதிரிக் கெட்டியாக இருக்கும். ஒரு லிட்டர் எடை 1.84 கிலோ. அதனுடைய முக்கியமான குணம் தாகம். தண்ணீரை எங்கே பார்த்தாலும் உறிஞ்சும். தண்ணீராக இல்லாவிட்டாலும் விடாது. சர்க்கரையில் ஊற்றினால், சர்க்கரை மூலக்கூறுக்குள் இருக்கிற ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராகச் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு, கருப்புக் கரியை மட்டும் விட்டுவைக்கும். தோலும் சதையும் அதற்கு இன்னொரு சர்க்கரை மாதிரிதான்.

இன்னொரு விசித்திரம். நீர்த்த அமிலம் அரித்துத் தின்கிற அதே இரும்பில், செறிவான அமிலத்தைத் தொட்டி தொட்டியாகச் சேமித்து வைக்கலாம். இரும்பின் மேல் இரும்பு சல்பேட் படலம் ஒன்று உருவாகும். செறிவான அமிலத்தில் அது கரையாமல் ஒட்டிக்கொண்டு, கீழே இருக்கிற உலோகத்துக்குக் கவசமாகிவிடும். கொஞ்சம் தண்ணீர் கலந்தால் கவசம் கரைந்துவிடும். இன்றைக்கும் ஆசிட் டேங்கர்கள் சாதாரண எஃகில் செய்யப்படுவது இந்தப் படலத்தை நம்பித்தான்.

நீர்க்க வைக்கும்போது கிளம்புகிற வெப்பமும் இந்தத் தாகத்தின் இன்னொரு முகம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் லேசானது என்பதால் மேலேயே மிதந்து, சேர்கிற இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெளிக்கும். அதனால்தான் எப்போதும் தண்ணீரில் அமிலத்தை, கொஞ்சம் கொஞ்சமாக. ஃபர்ஸ்ட் இயர் லேப்ல இதை மந்திரம் மாதிரி ஒப்பிச்சிருப்போம். காரணம் இதுதான்.

இவ்வளவு உபயோகமான திரவத்தை அந்தக் காலத்தில் நிறையச் செய்ய முடியவில்லை. செறிவாகச் செய்வது அதைவிடக் கஷ்டம்.

அன்னபேதியிலிருந்து ஈய அறைக்கு

ஐரோப்பாவில் பழைய முறை, அன்னபேதியைச் சூடாக்குவது. நம்ம சித்த மருந்துக் கடையில் விற்கிற அதே பச்சை உப்புதான், இரும்பு சல்பேட். அதை வறுத்தால் வருகிற புகையைக் குளிரவைத்தால் புகைகிற ஒரு அமிலம் கிடைக்கும். ஜெர்மனியில் நார்ட்ஹவுசன் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. பின்னால் இந்தத் தொழில் பொஹிமியாவுக்கு நகர்ந்தது. தரம் உச்சம், ஆனால் அளவு குறைவு, விலை அதிகம்.

நீலமும் இந்த அமிலமும் முதன்முதலில் சந்தித்தது அப்போதுதான். நீலச் சாயம் தண்ணீரில் கரையாது. சாயப்பட்டறைக்காரர்களுக்கு அது தீராத தலைவலி. 1740-களில் சாக்சனி நாட்டின் க்ரோசன்ஹைன் ஊரில் பார்த் என்பவர், இந்தச் செறிவான அமிலத்தில் நீலத்தைக் கரைத்தால் தண்ணீரில் கரைகிற ஒரு பிரகாசமான நீலம் கிடைப்பதைக் கண்டார். "சாக்சன் நீலம்" என்று அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. அப்போது இரண்டும் நண்பர்கள். அமிலம் அதிகம் விற்றால் நீலமும் அதிகம் விற்கும்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு வழி திறந்தது. கந்தகத்தையும் வெடியுப்பையும் சேர்த்து எரித்து, அந்தப் புகையைத் தண்ணீரில் பிடிப்பது. ஜோஷுவா வார்ட் என்ற மாத்திரை வைத்தியர் 1736-ல் இதைப் பெரிய கண்ணாடி உருண்டைகளில் செய்தார். கண்ணாடி உடையும், ஒரு அளவுக்கு மேல் பெரிதாகச் செய்ய முடியாது. 1746-ல் பர்மிங்காமில் ஜான் ரோபக் என்ற டாக்டர், கண்ணாடிக்குப் பதில் ஈயத் தகடால் அறைகளையே கட்டினார். ஈயத்தின் மேல் உருவாகிற ஈய சல்பேட் படலம் இந்த அமிலத்தில் கரையாது. இங்கேயும் ஒரு கவசம்தான். 1749-ல் ஸ்காட்லாந்தில் பிரஸ்டன்பான்ஸில் பெரிய ஆலை வந்தது. அதுவரை லினன் துணியை வெளுக்கப் புளிச்ச மோரில் நாள்கணக்காக, வாரக்கணக்காக ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை நீர்த்த கந்தக அமிலம் சில மணி நேரத்தில் முடித்தது. துணி ஆலைகளின் நாடான இங்கிலாந்தில் ஈய அறைகள் பெருகின.

ஆனால் ஈய அறைக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதில் கிடைக்கிற அமிலம் சுமார் 65 சதவீதம்தான். அதற்கு மேல் போனால், வேலையை நடத்தித் தருகிற நைட்ரஜன் ஆக்சைடுகளை அமிலமே விழுங்கிவிடும், ஈயமும் அடி வாங்கும். 1859-ல் ஜான் குளோவர் கட்டிய கோபுரம் வந்த பிறகு 78 வரை போக முடிந்தது. அதற்கு மேல் வேண்டும் என்றால் தனியாகக் காய்ச்ச வேண்டும். எதில் காய்ச்சுவது? ஈயம் தாங்காது. கண்ணாடி வெடிக்கும். அதனால் பிளாட்டினத்தில் கொப்பரை செய்தார்கள். ஆமா, பிளாட்டினம்தான். வோலஸ்டன் என்ற விஞ்ஞானி 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆசிட் ஆலைகளுக்குப் பிளாட்டினக் கொப்பரை செய்து விற்றார்.

அவ்வளவு செலவழித்துக் காய்ச்சினாலும் 98.3-ல் நின்றுவிடும். அந்தச் செறிவில் 338 டிகிரியில் கொதிக்கிற திரவமும், மேலே வருகிற ஆவியும் ஒரே கலவையாக இருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் விகிதம் மாறாது. அதைத் தாண்டிய புகைகிற அமிலத்துக்கு, ஓலியம் என்று அதற்குப் பெயர், பொஹிமியாக்காரர்களைத்தான் நம்ப வேண்டும்.

வெளுப்பதற்கும் உரத்துக்கும் 65, 78 போதும். சாயத் தொழிலுக்கு மட்டும் போதவில்லை.

பாச்சா உருண்டையிலிருந்து நீலம்

இப்போது ஜெர்மனிக்கு வருவோம். அடால்ஃப் ஃபான் பேயர் 1880-ல் நீலத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டார், 1883-ல் அமைப்பையும் தெளிவாக்கினார். ஆனால் அந்த வழியில் செய்தால் அவுரிச் செடியிலிருந்து வருகிற நீலத்தைவிடச் செலவு அதிகம். 1890-ல் ஜூரிச்சில் கார்ல் ஹொய்மன் வேறு வழிகளைக் காட்டினார். அதில் ஒன்றுக்கு மூலப்பொருள் நாப்தலின். நம்ம வீட்டு அலமாரியில் போடுகிற பாச்சா உருண்டை. நிலக்கரித் தாரிலிருந்து மலிவாக, மலை மலையாகக் கிடைத்தது.

நாப்தலினை முதலில் ஆக்சிஜனேற்றம் செய்து தாலிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளாக்க வேண்டும். அதற்கு அன்றைக்குப் பயன்பட்ட குரோமிக் அமிலத்தின் விலை கட்டுப்படியாகவில்லை. லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் இருந்த பிஏஎஸ்எஃப் நிறுவனத்தில், ஓய்கன் சப்பர் என்ற வேதியியலாளர் புகைகிற கந்தக அமிலத்தை வைத்து முயன்றுகொண்டிருந்தார். ஒரு தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் உள்ளே விழுந்தது. வினை வேகம் பிடித்தது. பாதரசம் கிரியாஊக்கி ஆகிவிட்டது. வேதியியல் வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படுகிற விபத்து இது.

பொதுவாகக் கதை இங்கேயே முடிந்துவிடும். தெர்மாமீட்டர் உடைந்தது, நீலம் பிறந்தது, சுபம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நாப்தலின் மூலக்கூறை மாற்ற 9 கந்தக மூவாக்சைடு மூலக்கூறு செலவாகும். எடையில் பார்த்தால் 1 கிலோ நாப்தலினுக்கு 5 கிலோவுக்கு மேல் கந்தக மூவாக்சைடு. அவ்வளவும் தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, கந்தக டை ஆக்சைடு புகையாக வெளியே வந்துவிடும். பொஹிமியாவிலிருந்து ஓலியம் வாங்கி இப்படிச் செய்தால், உடைந்த தெர்மாமீட்டரை நினைவுப்பொருளாக அலமாரியில் வைக்க வேண்டியதுதான்.

வெளியே வருகிற அந்தப் புகையைப் பிடித்து, காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப மூவாக்சைடாக்கி உள்ளே அனுப்ப முடிந்தால்? அப்போது கந்தகம் செலவே ஆகாது. காற்றிலிருக்கிற ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு வந்து நாப்தலினிடம் கொடுக்கிற கூலியாள் மாதிரி அது சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சுழற்சிதான் செயற்கை நீலத்தின் உண்மையான இதயம்.

லேபில் ஓடுது, ஆலையில் ஓடலை

அதற்கான வழி 1831-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. பிரிஸ்டலில் வினிகர் தயாரித்துக்கொண்டிருந்த பெரிக்ரின் பிலிப்ஸ் என்பவர், கந்தக டை ஆக்சைடையும் காற்றையும் சூடான பிளாட்டினத்தின் மேல் அனுப்பினால் மூவாக்சைடு கிடைக்கும் என்று காப்புரிமையே வாங்கியிருந்தார். ஈய அறை வேண்டாம், வெடியுப்பு வேண்டாம். ஆனால் அரை நூற்றாண்டாக அது ஆலையில் உருப்படியாக ஓடவில்லை. சின்ன அளவில் பிரமாதமாக வேலை செய்யும். பெரிதாக்கினால் கொஞ்ச நாளில் பிளாட்டினம் செத்துவிடும்.

என் மாதிரி சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது ரொம்பப் பழக்கமான வலி. என் மெஷின்ல ஓடுது, புரொடக்‌ஷன்ல விழுது. 1880-களின் கடைசியில் பிஏஎஸ்எஃபில் இந்த வேலையைக் கையில் எடுத்தவர் ருடோல்ஃப் க்னீட்ஷ். அவர் செய்தது, சுருக்கமாகச் சொன்னால், பொறுமையான டிபக்கிங்.

முதல் சிக்கல், விகிதம். கிளெமன்ஸ் விங்க்லர் என்ற பெரிய வேதியியலாளர் 1875-ல், சமன்பாட்டில் இருக்கிற அதே விகிதத்தில்தான் வாயுக்களைக் கலக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். உலகமே அதை நம்பியது. க்னீட்ஷ் அளந்து பார்த்தார். ஆக்சிஜன் கூடுதலாக இருந்தால்தான் மாற்றம் முழுமையாக நடந்தது. காற்றே போதும்.

இரண்டாவது, பிளாட்டினத்தைக் கொல்வது யார்? ஆலையில் கந்தகத்துக்குப் பதில் பைரைட் என்ற தாதுவை எரித்தார்கள். அதில் ஆர்சனிக் உண்டு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற வாயுவில்கூட மிக நுண்ணிய மூடுபனியாக அது மிதந்து வந்து, பிளாட்டினத்தின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி அதைச் செயலிழக்கச் செய்தது. லேபில் சுத்தமான வாயு, அதனால் அங்கே தெரியவில்லை. வாயுவைக் குளிரவைத்து, கழுவி, மூடுபனி கொஞ்சமும் இல்லையென்று உறுதி செய்த பிறகுதான் பிளாட்டினம் உயிரோடு இருந்தது.

மூன்றாவது, சூடு. இந்த வினை தானாகவே வெப்பம் விடும். ஆனால் சூடு ஏறினால் வினை பின்னோக்கித் திரும்பும், செய்த மூவாக்சைடு உடையும். ஆகவே சூடேற்றுவதில் காட்டிய அக்கறையைக் குளிரவைப்பதிலும் காட்ட வேண்டியிருந்தது. உள்ளே வருகிற குளிர்ந்த வாயுவை வைத்தே குழாய்களின் சூட்டைத் தணித்தார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: குழாய் குளிர்ந்தது, வாயு சூடானது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கந்தக மூவாக்சைடைத் தண்ணீரோடு சேர்த்தால் கந்தக அமிலம். பாடப்புத்தகத்தில் ஒரு வரிச் சமன்பாடு. நிஜத்தில் தண்ணீரில் விட்டால், தண்ணீர் ஆவியோடு சேர்ந்து எதற்குள்ளும் அடங்காத ஒரு வெள்ளைப் பனிமூட்டமாகி, புகைபோக்கி வழியாக ஊருக்குள் போய்விடும். நீர்த்த அமிலத்தில் விட்டாலும் அதேதான். 98 சதவீத அமிலத்தில் விட்டால் மட்டும் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் செறிவில் தண்ணீர் ஆவியும் கிட்டத்தட்ட இல்லை, மூவாக்சைடு ஆவியும் கிட்டத்தட்ட இல்லை. அதாவது அமிலத்தைச் செய்ய, செறிவான அமிலமே வேண்டும். உறைக்கு மோர் இல்லாமல் தயிர் இல்லை என்கிற கதை. பிறகு அளவாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போகலாம். அந்த 98 சதவீதத்தில் இரும்பு அரிக்காது என்பதால் பாத்திரத்தையும் இரும்பிலேயே செய்துகொள்ளலாம். பிளாட்டினக் கொப்பரையின் காலம் அத்தோடு முடிந்தது.

இத்தனையும் கம்பெனி ரகசியமாக இருந்தது. க்னீட்ஷ் 1901-ல்தான் பெர்லினில் வேதியியலாளர்கள் முன்னால் விவரமாகப் பேசினார். அதற்குள் நீலம் சந்தைக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. நீலத்துக்காக பிஏஎஸ்எஃப் போட்ட பணம் சுமார் 1.8 கோடி தங்க மார்க், அந்த நிறுவனத்தின் பங்கு மூலதனத்தையே தாண்டிய தொகை.

கணக்கு யார் தலையில்?

1897-ல் விற்பனை தொடங்கியது. அந்த நேரத்தில் இந்தியாவில் 15 லட்சம் ஏக்கருக்கு மேல் அவுரி பயிரானது. பிகாரும் வங்கமும் மட்டுமில்லை, நம்ம தென்னாற்காடு, கடப்பை பக்கமும் அவுரி நாடுகள்தான். முதல் உலகப் போர் தொடங்குகிற நேரத்தில் அந்தப் பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. விலை மட்டும் காரணமில்லை. செடியிலிருந்து வருகிற நீலத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் சாயச் சத்து மாறும். ஜெர்மன் நீலம் எந்த டப்பாவைத் திறந்தாலும் ஒரே மாதிரி இருந்தது. சாயப்பட்டறைக்காரருக்கு அது பெரிய நிம்மதி.

இங்கே நான் கவனமாக இருக்க விரும்புகிறேன். சம்பாரண் கொடுமையைக் கந்தக அமிலம் உண்டாக்கவில்லை. அது அதற்கு முன்பே இருந்தது. வங்கத்தில் 1859-ல் நீல விவசாயிகள் கலகமே செய்திருக்கிறார்கள். சம்பாரணில் "தீன்கட்டியா" என்று ஒரு முறை. 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் கட்டாயம் அவுரி போட வேண்டும், முதலாளி சொல்கிற விலைக்குக் கொடுக்க வேண்டும்.

நீலம் விலை விழுந்ததும் என்ன நடந்திருக்க வேண்டும்? நஷ்டம் முதலாளிக்கு, விவசாயிக்கு விடுதலை. நியாயம் அதுதான். நடந்தது தலைகீழ். "இனிமேல் நீ அவுரி போட வேண்டாம், உன்னை விடுவிக்கிறேன். ஆனால் அந்த விடுதலைக்கு விலை கொடு" என்றார்கள். சில கிராமங்களில் நிலவரியை உயர்த்தினார்கள், அதற்கு "ஷரஹ்பேஷி" என்று பெயர். சில கிராமங்களில் மொத்தமாக ஒரு தொகை வாங்கினார்கள், அது "தாவான்". தனக்கே லாபமில்லாமல் போன ஒரு கட்டாயத்தை, விவசாயிக்குக் காசுக்கு விற்றார்கள். ஜெர்மன் டப்பா சந்தைக்கு வந்தது எத்தனை விவசாயிகளுக்குத் தெரிந்திருக்கும்? முதலாளிகளுக்குத் தெரியும். போர் வந்து ஜெர்மன் சாயம் நின்றதும் நீலத்துக்கு மறுபடி விலை ஏறியது, மறுபடி அவுரிக்கு மவுசு வந்தது. வாங்கிய தொகையை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸில் ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி காந்தியைப் பிடித்து, வாங்க வாங்க என்று நச்சரித்தது இதற்காகத்தான். 1917 ஏப்ரலில் காந்தி மோதிஹாரிக்கு வந்தார். ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலங்கள் பதிவாயின. அரசு விசாரணைக் குழு அமைத்தது, காந்தியும் அதில் உறுப்பினர். தாவானில் 25 சதவீதத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. 1918-ல் தீன்கட்டியா முறையைச் சட்டமே ஒழித்தது.

இப்போ எங்கே இருக்கு?

நாப்தலின் வழி நீலமும் நிலைக்கவில்லை. அதைவிட மலிவான வேறு செய்முறை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. ஆனால் க்னீட்ஷ் சரிசெய்த அமிலச் செய்முறை நிலைத்துவிட்டது. பிளாட்டினத்துக்குப் பதில் வனேடியம் வந்தது, அவ்வளவுதான். இன்று உலகம் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் கந்தக அமிலம் செய்கிறது. பெரும் பகுதி உரத்துக்குப் போகிறது. இந்தியாவின் முதல் உர ஆலை 1906-ல் நம்ம ராணிப்பேட்டையில் தொடங்கியதும் கந்தக அமிலத்தை நம்பிய சூப்பர் பாஸ்பேட்டுக்காகத்தான். அதற்கு 98 தேவையில்லை, 70 சதவீதம் பக்கம் இருந்தால் போதும். ஒரு வயலிலிருந்து அவுரியைத் துரத்திய அதே பொருள், இன்னொரு வயலுக்கு உரமாக வந்து சேர்ந்தது.

லிசனர்ஸ் சில பேர் இந்த மாதிரி எபிசோடுக்குப் பிறகு "வீட்ல எதை செஞ்சு பாக்கலாம்?" என்று கேட்பீங்க. இதை வேண்டாம். செறிவான அமிலத்துக்குக் கண்ணுக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. இதை வாங்கி மனிதர்கள் முகத்தில் வீசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், சில்லறை விற்பனைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவருடைய அடையாளமும் காரணமும் பதிவாக வேண்டும். நியாயமான கட்டுப்பாடு. சர்க்கரை கரியாவதைப் பார்க்க ஆசையா, கல்லூரி லேபில், தெரிந்தவர் பக்கத்தில் நின்று பாருங்க.

நான் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான். லுட்விக்ஸ்ஹாஃபனில் ஒருத்தர் ஆர்சனிக் பனிமூட்டத்தைத் துரத்திக்கொண்டிருந்தபோது சம்பாரண் அவர் மனசில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் செய்தது அருமையான பொறியியல். ஆனால் ஒரு செய்முறை மலிவாகும்போது, அந்த மிச்சமும் அந்த நஷ்டமும் யார் யார் கைக்குப் போகும் என்பதை வேதியியல் முடிவு செய்வதில்லை. நிலமும் சட்டமும் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். நாம எழுதுற கோடும் ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு வேலையை மலிவாக்கிக்கிட்டுத்தான் இருக்கு. அதற்கான தாவான் யார் கட்டுறாங்கன்னு கேட்கிறது நம்ம வேலையில்லன்னு சொல்லிட முடியாது.

கேள்விகள் இருந்தால் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை, தண்ணீரில்தான் அமிலம். மாத்திடாதீங்க.